கொடுத்தவரைக் கேட்டீர்களா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக் கடை முடிந்ததும், பழைய சினிமா ஒன்றைப் பார்க்கலாம் என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். திரையில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கூம்பு வந்து நின்றது.

"தெருவில் பள்ளம் தோண்டினால் வைக்கிற கூம்புக்குச் சினிமாவில் என்னடா வேலை?" என்று பேரனைக் கேட்டேன்.

"அது வி.எல்.ஸி., பாட்டி. காசு வேண்டாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்."

"அப்படியானால் அது யார் வீட்டுச் சொத்து?"

அவன் விழித்தான். பிறகு இருவருமாகத் தேடிப் படித்தோம். படித்ததை உங்களுக்கும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, சகோதரிகளே!

பாரிஸ் நகரை அடுத்து எகோல் ஸென்த்ரால் என்று ஒரு பொறியியல் கல்லூரி. 1996-ல் அங்கே படித்த பிள்ளைகள், டெலிவிஷன் படத்தைக் கல்லூரிக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அனுப்ப ஒரு திட்டம் போட்டார்கள். அதில் பிறந்ததுதான் இந்த வி.எல்.ஸி. சாலைக் கூம்புகளைச் சேகரித்து வைக்கும் விளையாட்டுப் புத்தியும் அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது. அந்தக் கூம்பே சின்னமாகிவிட்டது! 2001 பிப்ரவரியில் கல்லூரித் தலைவர் சம்மதம் கொடுக்க, ஜி.பி.எல். என்ற லைசென்ஸோடு அது உலகத்துக்கு வந்தது.

லைசென்ஸ் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் வீட்டு விஷயமாகவே சொல்கிறேன்.

உங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சமையல் நோட்டு எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். அவரவர் கைப்பக்குவத்தை அவரவரே எழுதுகிறீர்கள். நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு நிபந்தனை: "யாரும் பார்த்துச் சமைக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் இதைத் திருத்திப் பிறருக்குக் கொடுப்பவர், திருத்திய பக்குவத்தையும் ஒளிக்காமல் இதே நிபந்தனையோடு கொடுக்க வேண்டும்." ஏறக்குறைய இதுதான் ஜி.பி.எல்.

சில வருஷம் கழித்து ஒரு ஹோட்டல்காரர் வருகிறார். "உங்கள் ரசப்பொடி பிரமாதம். என் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் என் மற்றப் பண்டங்களின் ரகசியத்தைச் சொல்லமாட்டேன்" என்கிறார். ரசப்பொடியில் செய்யும் மாறுதலை மட்டும் சொன்னால் போதும் என்று நிபந்தனையைத் தளர்த்தலாமா? அப்படித் தளர்த்திய லைசென்ஸுக்கு எல்.ஜி.பி.எல். என்று பெயர்.

இதே கேள்விதான் வி.எல்.ஸி.காரர்களுக்கும் வந்தது. படத்தை ஓட்டும் 'எஞ்சின்' பகுதியைப் பிறர் தங்கள் ஸாப்ட்வேரில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ள ஜி.பி.எல். இடைஞ்சலாக இருந்தது. தளர்த்தினால் நாலு இடத்தில் பரவும். தளர்த்தாவிட்டால் மற்றவர்கள் வேறு எஞ்சினைத் தேடிப் போய்விடலாம். ஆனால், "என் உழைப்பு ஒளிவுமறைவில்லாமல் இருக்கும் என்று நம்பித்தானே கொடுத்தேன்?" என்று ஒருவர் கேட்டால் அதுவும் நியாயந்தானே!

ஒருவருடைய சொல்லுக்கு எத்தனை பலம் என்று அவர்கள் அனுபவத்தில் கண்டும் இருந்தார்கள். ஆப்பிள் கம்பெனியின் கடையில் வைத்திருந்த வி.எல்.ஸி., "கடையின் விதிகள் ஜி.பி.எல்.லுக்கு விரோதம்" என்று உழைத்தவர்களில் ஒருவரே ஆட்சேபித்ததன் பேரில், 2011 ஜனவரியில் எடுக்கப்பட்டது.

ஆகவே என்ன செய்தார்கள் தெரியுமா? ழான் பாப்திஸ்த் கெம்ப் என்பவர் முன்னின்று, அந்த நிரல் வரிகளை எழுதியவர்களைத் தேடிச் சம்மதம் கேட்டார்கள். ஒருவர் இருவரல்ல, நூற்றுக்கணக்கானவர்கள்! என்றோ மாணவராக நாலு வரி எழுதிவிட்டுப் போனவர்களும் அதில் அடக்கம். எழுதியவருக்கே அந்த வரிகளின் உரிமை. அவர் மறைந்தால் வாரிசுக்கு. 2011 கடைசியில் எஞ்சின் மாறியது. 2012 நவம்பரில் மற்றப் பகுதிகளில் பெரும்பாலானவை மாறின. 'பெரும்பாலானவை' என்பதைக் கவனியுங்கள். எல்லாம் அல்ல. நாம் பார்க்கிற அந்தக் கூம்பு பிளேயர் இன்னும் ஜி.பி.எல்.லில்தான் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. ரெடிஸ் என்று ஒரு ஸாப்ட்வேர். 2009-ல் இத்தாலியரான ஸால்வடோரே ஸான்ஃபிலிப்போ தொடங்கியது. தகவல்களைச் சட்டென்று எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. பல வருஷம் மிகத் தாராளமான லைசென்ஸில் இருந்தது. 2024 மார்ச் 20-ஆம் தேதி, அதை நடத்தும் கம்பெனி, இனி வரும் பதிப்புகளுக்குக் கட்டுப்பாடு உண்டு என்று அறிவித்துவிட்டது. "பெரிய கம்பெனிகள் எங்கள் சரக்கைச் சேவையாக விற்றுப் பணம் பண்ணுகின்றன, எங்களுக்கு ஒன்றும் வருவதில்லை" என்பது அதன் குறை. அதை நான் அநியாயமென்று சொல்லமாட்டேன். பழைய லைசென்ஸ் அவ்வளவு தாராளமானது. ஆளுக்கு ஆள் கேட்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

சட்டம் சரி, மனசு என்று ஒன்று இருக்கிறதே! எட்டே நாளில், அதுவரை கூட உழைத்தவர்களில் சிலர் பழைய பதிப்பை எடுத்துக்கொண்டு, லினக்ஸ் பவுண்டேஷன் ஆதரவில் 'வால்கீ' என்ற பெயரில் தனிக் குடித்தனம் போய்விட்டார்கள். 2025 மே மாதத்தில் ரெடிஸ் கம்பெனி ஏ.ஜி.பி.எல். என்ற திறந்த லைசென்ஸையும் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் தனிக் குடித்தனம் போனவர்கள் திரும்பவில்லை.

லைசென்ஸை மாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. காலம் மாறினால் நிபந்தனையும் மாறத்தான் வேண்டியிருக்கும். ஆனால் பலர் கை பட்ட பண்டத்தைப் பற்றி முடிவு செய்யும்போது, முதல் கேள்வி "நமக்கு என்ன லாபம்?" என்பதல்ல, "கொடுத்தவரைக் கேட்டோமா?" என்பதே. கேட்டால் நாளாகும். சிலர் மறுப்பார்கள், அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வி.எல்.ஸி.காரர்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, வீடு இரண்டாகவில்லை.

இதையெல்லாம் படித்த உற்சாகத்தில் பேரன், "பாட்டி, உங்கள் சமையல் நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எல்லோருக்கும் கொடுக்கட்டுமா?" என்றான். எனக்கு ஆசைதான். ஆனால் அதிலுள்ள ஊறுகாயெல்லாம் என் நாத்தனார் சொன்னது. முதலில் அவளுக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறேன்.