அது ஸ்பிட்ஃபயர் அல்ல

பழைய, அரிதான விமானங்களின் படத்தைப் பார்த்து அவை எவை என்று கண்டுபிடிப்பது என் பொழுதுபோக்கு. "உயர்தரப் பரீட்சைக்கு இது வருமா?" என்று உம்மா கேட்பார். வராதுதான். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்பவர்களும் உண்டு. ஆனாலும் இதை வீண் வேலை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரத்மலானை விமானப்படை நூதனசாலையில் பேலியோல் என்றொரு விமானம் நிற்கிறது. உலகில் எஞ்சியிருப்பவை ஒரு சிலவே. நீண்ட மூக்கைக் கண்டதும் பலர் ஸ்பிட்ஃபயர் என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது; பெரும்பாலான ஸ்பிட்ஃபயர்களில் இருந்த அதே மெர்லின் எஞ்சின்தான் இதிலும். ஆனால் இறக்கையைப் பாருங்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை முட்டை வடிவில் வளையும். இது நேராகக் குறுகிச் செல்லும். விமானி அமரும் இடமும் அகலம். போர் விமானமான ஸ்பிட்ஃபயரில் ஒருவர்தான் இருக்கலாம். இதில் இரண்டு ஆசனங்கள், அதுவும் பக்கத்துப் பக்கத்தில். ஒன்று மாணவருக்கு, மற்றது ஆசிரியருக்கு.

இது பயிற்சி விமானம். 1951இல் உருவான றோயல் இலங்கை விமானப்படை இதில் 12 வாங்கியது. நம் நாட்டு விமானிகள் பறக்கப் பழகிய வகுப்பறை என்றே சொல்வேன். புகழ்பெற்ற பெயரை அதற்கு ஒட்டிவிட்டால் அந்த இரண்டாவது ஆசனம் யார் கண்ணிலும் படாது.

விடுமுறையில் பிள்ளைகளை அங்கே கூட்டிச் செல்லும் பெற்றோரே, பெயர்ப் பலகையை வாசிக்கும் முன் இறக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள்.