வண்டியும் ஒரு வெளியிடுபொருள்தான்

போன மாதம் ஒரு தம்பி தோட்டத்துக்கு வந்திருந்தார். நகரத்து வேலையை விட்டுவிட்டு பண்ணைக்காட்டுப் பக்கம் மூன்று ஏக்கரில் காப்பி, மிளகு, வாழை என்று ஆரம்பித்திருப்பவர். பேச்சுவாக்கில் கேட்டார்: “அண்ணே, டீசல்ல ஒரு பழைய கார் பார்த்து வச்சிருக்கேன். எஸ்டேட் கார்னு சொல்றாங்க. பின் சீட்டை மடிச்சா பத்துப் பெட்டி ஏத்தலாம். ரெண்டே கால் லட்சம். வாங்கலாமா?”

நம்ம மலையில எஸ்டேட்டுன்னா காப்பித் தோட்டம்தான். அந்தப் பெயரில் காரும் உண்டு. 1992-இல் டாடா கம்பெனி ‘எஸ்டேட்’ என்றே பெயர் வைத்து ஒரு டீசல் காரை விட்டது. 2004-இல் இண்டிகோ மெரினா வந்தது. இரண்டுமே நம் நாட்டில் நிலைக்கவில்லை. இன்றைக்கு அவற்றுக்கு உதிரி பாகம் வேண்டுமானால் பழைய இரும்புக் கடைகளில் தேட வேண்டும். ஆனால் தம்பியின் கேள்வி அந்தக் காரோடு முடிவதில்லை. பழைய ஜீப்பா, பொலீரோவா, சின்ன யானையா, பிக்கப்பா என்று நம்மில் பலரும் இதே கேள்வியோடுதான் இருக்கிறோம். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

நாம் உரக்கடைக்குப் போவதில்லை. பூச்சிக்கொல்லிக்குக் கடன் வாங்குவதில்லை. “வெளியிலிருந்து எது வந்தாலும் அது நம்மைக் கட்டிப்போடும்” என்று கூட்டங்களில் பேசுகிறோம். பிறகு பத்து லட்ச ரூபாய் வண்டியை மாதத் தவணையில் வாங்கி வாசலில் நிறுத்துகிறோம். யூரியாவைவிடப் பெரிய வெளியிடுபொருள் அதுதான். மண்ணுக்கு ஒன்றும் செய்யாது, மாதம் தவறாமல் கேட்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் இரண்டு முறை வத்தலக்குண்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ சரக்கு இறக்குகிறீர்கள் என்றால் வருடத்துக்குச் சுமார் 100 நடை. ஒரு பேச்சுக்கு மாதத் தவணை 12,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,44,000. டீசல் ஊற்றும் முன்பே ஒரு நடைக்கு 1,440 ரூபாய் போய்விடுகிறது. அதே ஆள் 2,50,000-க்குப் பழைய வண்டி வாங்கி, 50,000 செலவழித்துச் சரிசெய்து, ஐந்து வருடம் ஓட்டி, ஒரு லட்சத்துக்கு விற்கிறார் என்று வையுங்கள். வருடத்துக்கு 40,000 தேய்மானம், 35,000 ரிப்பேர். நடைக்கு 750 ரூபாய். புது வண்டி ஐந்து வருடம் கழித்தும் நல்ல விலைக்குப் போகும், உண்மைதான். ஆனால் பீன்ஸ் விலை விழுந்த மாதத்திலும் தவணை வரும். ரிப்பேரையாவது பத்து நாள் தள்ளிப் போடலாம்.

ஆகவே பழையதையே வாங்குங்கள் என்பது என் கட்சி. ஆனால் எதைப் பார்த்து வாங்குவது? இங்கேதான் நான் ஒரு முறை தப்புச் செய்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு புரோக்கர் மூலம் பழைய டீசல் வண்டி ஒன்றை வாங்கினேன். எஞ்ஜின் சத்தம் கேட்டே மயங்கிவிட்டேன். ஏற்றத்தில் அப்படி இழுத்தது. ஒரு மழைக்காலக் காலை, வாழைத்தாரும் ஆரஞ்சுப் பெட்டியும் ஏற்றி, சரக்கின் மேல் வேலைக்கு வந்த இரண்டு அக்காமார்களையும் உட்கார வைத்து, பெரும்பாறையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். நாலாவது வளைவில் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டாவது கியருக்குத் தட்டி, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு அக்கா இறங்கி, சிந்திய ஆரஞ்சைப் பொறுக்கிக்கொண்டே, “தம்பி, நாங்க நடந்தே போயிடுறோம்” என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

மெக்கானிக் பார்த்துச் சொன்னது சின்ன விஷயம். பிரேக் ஆயில் பல வருடமாக மாற்றப்படவே இல்லை. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது சூட்டில் அந்த நீர் ஆவியாகிவிடும், மிதித்தாலும் பிடிக்காது. சமவெளியில் ஓடிய வண்டிக்கு அது தெரியவே தெரியாது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வத்தலக்குண்டு வரை முழுக்க இறக்கம்தான். மலைக்காரன் எஞ்ஜினை அப்புறம் பார்க்கலாம், முதலில் பிரேக்கைப் பார்க்க வேண்டும்.

வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியவை இவை:

விடிகாலையில், எஞ்ஜின் சூடாகும் முன் போய் நில்லுங்கள். முன்னமே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். குளிரில் ஒரே தடவையில் கிளம்ப வேண்டும். நீலப்புகை வந்தால் எஞ்ஜின் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் காற்று வடிகட்டியோ இன்ஜெக்டரோ சரியில்லை, அதைச் சரிசெய்யலாம். வெள்ளைப்புகை சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அடுப்பு மாதிரிப் புகை கக்கினால் எஞ்ஜின் தேய்ந்துவிட்டது.

அடியில் படுத்து சேஸிஸைப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் ஓடியது உப்புக்காற்றில் அரித்திருக்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு மூழ்கிய வண்டிகள் எத்தனையோ கைமாறின. தரைவிரிப்பைத் தூக்கினால் வண்டல் கோடும், சீட்டின் தண்டவாளத்தில் துருவும் காட்டிக்கொடுத்துவிடும். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டதால், அங்கிருந்து மலிவாக வந்தவையும் உண்டு. தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய வரி இரண்டையும் சேர்த்தால் மலிவு காணாமல் போய்விடும்.

எந்த வண்டி என்று கேட்டால், சுமை பின்னால் ஏறும் வண்டிக்குப் பின்சக்கரம் தள்ள வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பின்னால் எடை ஏறினால் முன்பக்கம் லேசாகி, ஈரமான மண் ஏற்றத்தில் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. தம்பி பார்த்த காரை நான் வேண்டாம் என்றதற்கு அதுவும் ஒரு காரணம். பொலீரோ மாதிரி தனிச் சேஸிஸும் பின்னால் பட்டை ஸ்பிரிங்கும் உள்ளதுதான் நம் பாதைக்குத் தாங்கும். அதைவிட முக்கியம், பக்கத்து ஊர் மெக்கானிக்குக் கை பழகிய வண்டியாக இருக்க வேண்டும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய வண்டி கொஞ்ச நேரம் விடாமல் ஓரளவு வேகத்தில் ஓட வேண்டும். தோட்டத்துக்கும் கடைக்கும் மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளும். “அப்போ நஞ்சில்லா உணவு பேசிக்கிட்டு கரும்புகை விடலாமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் ஒழுங்காகப் பராமரிப்பதும், நடையைக் குறைப்பதும்தான் பழைய வண்டிக்காரனால் செய்ய முடிந்தது.

காகிதத்துக்கு வருவோம். ஆர்.சி.யில் கடன் பதிவு இருக்கிறதா பாருங்கள். வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றுங்கள். 15 வருடம் தாண்டிய சொந்தப் பயன்பாட்டுக் கார் என்றால் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்த்தப்பட்டது. விலை பேசும்போதே அதைக் கழியுங்கள். மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். ஓன் போர்டு வண்டியில் அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று. சரக்கு வண்டியில், சரக்கின் மேல், வேலையாட்களை ஏற்றாதீர்கள். ஆர்.சி.யில் எத்தனை இருக்கை எழுதியிருக்கிறதோ அத்தனை பேர்தான். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருபவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அன்று அந்த வளைவில் வண்டி கவிழ்ந்திருந்தால் அந்த இரண்டு குடும்பங்களுக்கும் யார் பதில் சொல்லியிருப்பார்கள்? என் தோட்டத்தையே விற்றாலும் போதாது. இப்போது வேலைக்கு வருபவர்களுக்குப் பேருந்துக் காசு கொடுக்கிறேன். பேருந்து தவறினால் அன்றைக்கு வேலை தாமதமாகத் தொடங்கும், அவ்வளவுதான். தொழிலாளரை இருக்கையில் ஏற்றுவதாக இருந்தாலும் அதற்குரிய கூடுதல் பிரீமியத்தைக் கட்டி, எழுத்தில் வாங்கி வையுங்கள். மண்புழுவுக்கு இரக்கப்படும் நாம் கூட வேலை செய்யும் மனிதருக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: “ஒத்தையா வாங்காதீங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க ரெண்டு பேரைச் சேருங்க.” மூன்று ஏக்கர் விளைச்சலுக்கு ஒரு வண்டி வாரத்தில் ஐந்து நாள் சும்மாதான் நிற்கும். ஒருவர் பெயரில் ஆர்.சி., யாருக்கு எந்தக் கிழமை, ரிப்பேர் வந்தால் யார் பங்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் என்ன கணக்கு — எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மூன்று தோட்டத்துச் சரக்கும் இறங்கினால் டீசல் மூன்றில் ஒரு பங்கு, புகையும் மூன்றில் ஒரு பங்கு. விதையைப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த நமக்கு வண்டியைப் பகிர்ந்துகொள்வது முடியாத காரியமா?

தம்பி யோசிக்கிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். உங்கள் பகுதியில் கூட்டாக வண்டி வைத்து நடத்துபவர்கள் இருந்தால், நடந்த சண்டைகளையும் சேர்த்து, கணக்கை இதழுக்கு எழுதுங்கள். அடுத்து வாங்கப் போகிறவருக்கு உதவும்.