மின்கட்டணத்தில் கரையும் அமானிதம்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் தோல் பதனிடுதலும் காலணித் தயாரிப்பும் நம் சமுதாயத்தவர் பலருக்குத் தலைமுறை தலைமுறையாக வாழ்வாதாரமாக இருந்து வருகின்றன. வருமானம் ஹலாலாக வரவேண்டும் என்பதில் நம் வணிகர்கள் காட்டும் அக்கறை பாராட்டுக்குரியது. ஆனால், அந்த வருமானம் வீணாகக் கசிந்து போவதைத் தடுப்பதில் அதே அக்கறையைக் காட்டுகிறோமா?

வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்காகத் தொழிற்கூடத்தில் வேலை நிற்கும்போது கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டுக் கவனியுங்கள். தொட்டி நிரம்பிய பின் அது அமைதியாக இருக்கவேண்டும். மீண்டும் மீண்டும் காற்றை ஏற்றத் தொடங்கினால், குழாயில் கசிவு இருக்கிறது என்று பொருள். பராமரிப்புக் குறைந்த கூடங்களில் அழுத்தக் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வரை இவ்வாறு வீணாவதுண்டு. அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் சில இணைப்புகளையும் வாஷர்களையும் மாற்றினாலே போதும். தேவைக்கு மேல் வைத்திருக்கும் அழுத்தத்தை 1 பார் குறைத்தால், கம்ப்ரசரின் மின்செலவு ஏறத்தாழ 7 விழுக்காடு குறையும். கொதிகலனுக்குள் செல்லும் நீரை, வெளியேறும் வெப்பத்தைக் கொண்டே 6 டிகிரி சூடாக்கினால் எரிபொருளில் சுமார் 1 விழுக்காடு மிச்சமாகும்.

மின்விசிறியையே எடுத்துக்கொள்வோம். பழைய விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். 20 விசிறிகள் நாளொன்றுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாட்கள் சுழன்றால் 2,700 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் எனக் கொண்டால் 21,600 ரூபாய். நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, விசிறிகளை மாற்றுவதால் மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 1.9 டன் குறைகிறது.

"பெரிய ஆலைகள் கக்கும் புகைக்கு முன் நம்முடையது எம்மாத்திரம்?" என்று சிலர் கேட்பர். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கை கொள்ளும் அளவு நீரில் உளூச் செய்து காட்டினார்கள். அந்த அளவால் ஊரின் நீர்நிலை நிறைந்துவிடப் போவதில்லை. எனினும் வீண்விரயம் சிறிதானாலும் வீண்விரயமே. மறுமையில் அவரவர் கணக்கை அவரவரே ஒப்படைக்கவேண்டும். அடுத்தவரின் புகை நம் பொறுப்பைக் குறைத்துவிடாது.

மெய்யான தடை வேறிடத்தில் இருக்கிறது. புதிய மோட்டாருக்கும் விசிறிக்கும் முதல் வேண்டும். வங்கிக் கடன் வட்டியோடு வருகிறது. அதைத் தவிர்க்க எண்ணும் சிறு முதலாளி பழைய இயந்திரத்தையே ஓட்டி, மாதந்தோறும் மின்கட்டணமாக இழக்கிறார். இங்கேதான் சமுதாயத்தின் கடமை தொடங்குகிறது. நம் ஊர்களின் பைத்துல்மால்கள் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் வட்டியில்லாக் கடன் வழங்குகின்றன. அதில் ஒரு சிறு பகுதியை இதற்கென ஒதுக்கினால் என்ன? மேற்சொன்ன 20 விசிறிகளுக்கு, ஒன்று 3,000 ரூபாய் வீதம் 60,000 ரூபாய் ஆகும். மிச்சமாகும் கட்டணத்தையே மாதத் தவணையாகத் திருப்பினால் மூன்று ஆண்டுகளுக்குள் கடன் தீரும். கடன் பெற்றவருக்குச் சுமை கூடாது. பைத்துல்மாலின் பணமும் அடுத்தவருக்குக் கிடைக்கும்.

வணிகர்கள் சிலர் சேர்ந்து, மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்திடம் சான்று பெற்ற தணிக்கையாளர் ஒருவரை அழைத்தால், செலவைப் பங்கிட்டுக்கொண்டு எல்லாக் கூடங்களையும் ஆய்வு செய்யலாம். கடன் எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதும் அப்போது தெளிவாகும்.

செல்வமும் அமானிதம், சுவாசிக்கும் காற்றும் அமானிதம். இரண்டையும் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.