ஆடுகிறவன் ஒருவன், அள்ளுகிறவன் ஒருவன்!

அமெரிக்காவில் பசிபிக் சமுத்திரக் கரையோரம், கலிபோர்னியாவில், ஸ்டான்போர்டு என்றொரு சர்வகலாசாலை இருக்கிறது. 2024 முதல் அது எந்தப் பந்தயக் கூட்டணியில் ஆடுகிறது தெரியுமா? 'அட்லாண்டிக் கரைக் கூட்டணி'யில்! அட்லாண்டிக் சமுத்திரமோ தேசத்தின் மறுகோடியில் இருக்கிறது. 'பெரிய பத்து' என்று இன்னொரு கூட்டணி. அதில் இருப்பவை 18 சர்வகலாசாலைகள். 'பெரிய பன்னிரண்டி'ல் 16. எண்ணத் தெரியாதவர்களா சர்வகலாசாலை நடத்துகிறார்கள்? நன்றாகத் தெரியும். ஆனால் அவர்கள் எண்ணுவது தலைகளை அல்ல, டாலர்களை.

அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் ஆண்டுதோறும் தமக்குள் ஆடுவதற்காக ஏற்படுத்திக்கொண்டவையே இந்தக் கூட்டணிகள். ஆட்டங்களில் தலையாயது அவர்கள் 'புட்பால்' என்று சொல்லும் முரட்டு ஆட்டம். நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, ஆளோடு ஆள் மோதி விழுவது. இதை டெலிவிஷனுக்கு விற்கும் பிடி ஒரு காலத்தில் என்.சி.ஏ.ஏ. என்ற தேசியச் சங்கத்திடம் இருந்தது. அந்த ஏகபோகம் சட்டவிரோதம் என்று 1984ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அன்று முதல் அவரவர் சரக்கை அவரவரே விற்கலாம். 2022 ஆகஸ்டில் 'பெரிய பத்து' தன் ஆட்டங்களை பாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. கம்பெனிகளுக்கு 7 ஆண்டுகளுக்கு விற்றது. விலை 700 கோடி டாலருக்கு மேல்!

விலை ஏறியதும் வீடு மாறும் படலம் தொடங்கியது. 1915ல் பிறந்தது பசிபிக் கரைக் கூட்டணி. 2022 ஜூன் 30ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து இரண்டு சர்வகலாசாலைகள் அதைவிட்டு 'பெரிய பத்து'க்குப் போவதாக அறிவித்தன. 2023 ஜூலையில் கொலராடோ. ஆகஸ்ட் 4ந் தேதி ஒரே நாளில் ஐந்து. செப்டம்பர் 1ல் ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும். பன்னிரண்டில் மிஞ்சியவை இரண்டே: ஆரிகன் மாநில, வாஷிங்டன் மாநில சர்வகலாசாலைகள். இரண்டும் ஒரு காலத்தில் விவசாயக் கல்லூரிகளாக இருந்தவை. வீட்டைக் காலி செய்தவர்களே பெட்டிச்சாவியிலும் பங்கு கேட்டதால், கோர்ட்டுக்குப் போய்த்தான் நிர்வாகத்தைக் கைப்பற்ற முடிந்தது. ஆனால் இவர்களும் உத்தமர்கள் அல்ல. 2024 செப்டம்பரில் பக்கத்துக் கூட்டணியிலிருந்து ஆள் இழுத்தார்கள்! அடிபட்டவனும் அதே தடியைத்தான் தேடுகிறான்.

டல்லஸ் நகரத்து சர்வகலாசாலை ஒன்று, 9 ஆண்டுகளுக்கு டெலிவிஷன் பங்கே வேண்டாம், இடம் கொடுத்தால் போதும் என்று அட்லாண்டிக் கூட்டணிக்குள் நுழைந்தது. கூலியில்லாமல் 9 ஆண்டு வேலைக்கு வர எந்தத் தொழிலாளியால் முடியும்? முதுகுக்குப் பின்னால் பணமூட்டைக்காரர்கள் நிற்க வேண்டும்.

கம்பெனிகள் பெரும்பணம் கொட்டுவது புட்பாலுக்கு. கூட இழுபடுவதோ வாலிபால் ஆடும் பெண்பிள்ளைகளும்தான். நியூஜெர்சியும் லாஸ் ஏஞ்சல்சும் இன்று ஒரே கூட்டணி. நடுவில் குமரி முதல் காஷ்மீர் வரையுள்ளதைவிட அதிக தூரம். பாடம் எப்போது படிப்பது?

அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'மாணவ ஆட்டக்காரர்'. இந்தப் பெயரின் பிறப்பை நம் ஆலைத் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டத்தில் காயம்பட்ட மாணவன் தொழிலாளி என்று ஆகிவிட்டால் விபத்து நஷ்டஈடு கொடுக்க நேருமே என்று பயந்து, 1950களில் என்.சி.ஏ.ஏ. இதைப் புகுத்தியது. அதன் தலைமை அதிகாரியாக இருந்த வால்டர் பையர்ஸ், ஓய்வுபெற்ற பின் 1995ல் எழுதிய புத்தகத்தில் இதை ஒப்புக்கொண்டார். 1955ல் கொலராடோவில் ஒரு கல்லூரிக்காக ஆடிய வாலிபர் தலையில் அடிபட்டு இறந்தார். கல்லூரி புட்பால் தொழில் நடத்தவில்லை என்று சொல்லி, அவருடைய விதவைக்கு நஷ்டஈடு இல்லையென்று 1957ல் மாநில சுப்ரீம் கோர்ட் கைவிரித்தது. தொழில் இல்லையாம்! 700 கோடி டாலருக்கு விற்றது எதை?

படிப்புச் செலவைக் கொடுக்கிறார்களே என்பார்கள். குடியிருக்கக் குடிசை கொடுத்தேனே, கூலி எதற்கு என்று பண்ணையார் கேட்டதும் இப்படித்தான். 2021 முதல் பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. 2025 ஜூனில் கோர்ட் ஏற்ற சமரசப்படி, ஒரு சர்வகலாசாலை தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து முதல் ஆண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம். வழக்குப் போட்டுப் பெற்ற இது முன்னேற்றமே, மறுக்கவில்லை. ஆனால் 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலை ஒரே ஒரு பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்ப ஒப்புக்கொண்ட தொகை 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல். வேலை செய்ய அல்ல, செய்யாமலிருக்க!

இத்தனைக்கும் பிறகு 'தொழிலாளி' என்ற சொல் மட்டும் கிடைக்கவில்லை. 2014ல் நார்த்வெஸ்டர்ன் ஆட்டக்காரர்கள் சங்கம் வேண்டுமா என்று ஓட்டுப் போட்டார்கள். தொழிலுறவு போர்டு 2015ல் தலையிட மறுத்தது. ஓட்டுகள் எண்ணப்படவே இல்லை. 2024 மார்ச்சில் டார்ட்மவுத் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள், அங்கே வேலை செய்யும் ஊழியர்களின் சங்கத்திலேயே சேர 13க்கு 2 என்று தீர்மானித்தார்கள். நிர்வாகம் பேச மறுத்தது. டிரம்ப் பதவியேற்கச் சில வாரங்களே இருக்க, டிசம்பர் 31ல் சங்கம் மனுவைத் திரும்பப் பெற்றது. அவர்கள் ஊழியர்களே என்று அதே ஆண்டு பிப்ரவரியில் போர்டின் பிராந்திய அதிகாரி எழுதிய முடிவை, புதிய போர்டு அடித்துவிடாமல் காப்பதற்காக. இதைக் கோழைத்தனம் என்று நாம் கருதவில்லை. எந்தப் போர்டுக்கு எப்போது போவது என்பது நம் ஆலைச் சங்கங்களும் பட்டறிந்த கணக்குத்தான்.