ஸ்கேன் எண் மாறினால் நோய் மாறிவிட்டதா?

காதுக்குக் கீழே ஒரு வீக்கம். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘ஏ.டி.சி. 1.4’ என்று இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வேறு சென்டரில் எடுத்தால் 1.1. கட்டி மோசமாகிவிட்டதோ என்று குடும்பமே கலங்கிப்போகிறது. பதறுவதற்கு முன் டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இரண்டு முறையும் ஒரே செட்டிங்கில்தான் எடுத்தார்களா?

அது என்ன எண்?

நமக்கு மூன்று ஜோடி பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் உண்டு. காதின் முன்புறம் இருப்பதுதான் பெரியது. ‘பொன்னுக்கு வீங்கி’யில் வீங்குவது இதுவே. மற்றவை தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் உள்ளன. டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ., இவற்றுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று அளக்கிறது. அந்த அளவுதான் ஏ.டி.சி. செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தால் எண் குறையும். இடைவெளி இருந்தால் கூடும்.

எண் குறைந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ‘வார்த்தின்’ கட்டி சாதாரணக் கட்டிதான். அதிலும் எண் குறைவாகவே வரும்.

செட்டிங் எப்படி மாற்றும்?

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் படி வேறு. ‘பத்துப் படி நெல்’ என்றால், ‘எந்த ஊர்ப் படி?’ என்று கேட்பார்கள். இங்கே அந்தப் படி, ‘பி-வேல்யூ’. நீரின் அசைவை மெஷின் எவ்வளவு கூர்மையாகக் கவனிக்கிறது என்பதை அது குறிக்கும். பி-வேல்யூ குறைவாக இருந்தால், நுண்ணிய ரத்தக்குழாய்களில் ஓடும் ரத்தத்தின் அசைவும் கணக்கில் சேர்ந்துவிடும். 1986-லேயே டெனி லெ பியான் என்ற பிரெஞ்சு மருத்துவர் குழு இதை விளக்கியது. உமிழ்நீர்ச் சுரப்பியில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் எண் உயர்ந்து தெரியும். 800, 1000 போன்ற பி-வேல்யூக்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், அதே சுரப்பியின் எண் குறையும். மிக அதிகமாக வைத்தாலோ சிக்னல் மங்கி, எண்ணே நம்பகமில்லாமல் போகும்.

காதருகே உள்ள சுரப்பியில் கொழுப்பும் கலந்திருக்கும். அதன் சிக்னலை மெஷின் சரியாக அடக்காவிட்டால் எண் குறையும். பல்லில் உலோகக் கேப் இருந்தால் படம் கோணலாகலாம். ஸ்கேனுக்கு முன் எலுமிச்சையோ புளிப்பு மிட்டாயோ சாப்பிட்டால் எச்சில் ஊறும். அதனாலும் எண் மாறும்.

மெஷினையும் சோதிக்க வழி இருக்கிறது. உருகும் ஐஸில் வைத்த நீரின் ஏ.டி.சி. சுமார் 1.1 வர வேண்டும். சரியாக வந்தால் மெஷினின் அளவை நம்பலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* மறு ஸ்கேனை முடிந்தவரை அதே சென்டரில், அதே மெஷினில் எடுங்கள்.
* பழைய ஃபிலிம், சி.டி., ரிப்போர்ட் மூன்றையும் கொண்டுபோங்கள். ‘முன்பு எடுத்த அதே செட்டிங்கில் எடுக்க முடியுமா?’ என்று கேளுங்கள்.
* பல்லில் உலோகம் இருந்தால், கழுத்தில் ரேடியேஷன் சிகிச்சை நடந்திருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.
* ஸ்கேனுக்கு முன் என்ன சாப்பிடலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் எண்ணை மட்டும் வைத்து டாக்டர் முடிவெடுப்பதில்லை. படத்தின் மற்ற பகுதிகள், வீக்கத்தின் தன்மை, தேவைப்பட்டால் ஊசி மூலம் எடுக்கும் திசுப் பரிசோதனை எல்லாம் சேர்ந்துதான் விடை தரும். அதேசமயம், ‘செட்டிங்தானே’ என்று அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். வீக்கம் வளர்ந்தாலோ, வலித்தாலோ, முகம் ஒருபக்கம் கோணினாலோ உடனே டாக்டரைப் பாருங்கள்.