'கூடுதல்' என்ற சொல்லை நீக்கியவர்கள்

பெயரில் 'கல்வி' என்று இருந்தால் பாதிக் கேள்விகளைக் கைவிட்டுவிடுகிறோம். 'அறக்கட்டளை' என்றும் இருந்தால் மீதியும் போய்விடுகிறது. கல்வியில் அரசியல் எங்கே வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் காட்டுவேன்.

2005இல் கலிபோர்னியா மாநிலம் ஆறாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூல்களைப் பரிசீலித்தது. பண்டைய இந்தியா பற்றிய பகுதிகளுக்கு ஹிந்து எஜுகேஷன் ஃபவுண்டேஷன், வேதிக் ஃபவுண்டேஷன் என்ற இரண்டு அமைப்புகள் திருத்தங்கள் கொடுத்தன. புத்தகங்களில் அபத்தமான பிழைகள் இருந்தது உண்மை. இந்தி அரபு எழுத்தில் எழுதப்படுகிறது என்றுகூட ஒன்றில் அச்சாகியிருந்தது. அதை யார் திருத்தினாலும் நன்றி சொல்லலாம்.

ஆனால் ஒரு புத்தகம், அன்றைய ஆண்களுக்குப் பெண்களைவிடக் கூடுதல் உரிமைகள் இருந்தன என்றது. மகன் இருந்தால் சொத்து அவனுக்கே, பள்ளிக்கூடம் ஆணுக்கு மட்டுமே என்று விளக்கியது. இதற்கு வந்த திருத்தம்: ஆண்களுக்கு வேறுவகையான கடமைகளும் உரிமைகளும் இருந்தன என்று மாற்றுங்கள், வேத ரிஷிகளில் பெண்கள் பலர் என்றும் சேருங்கள்.

நான் இலக்கணம் நடத்துகிறவள். 'கூடுதல்' என்றால் எதிரே ஒரு குறைவு உண்டு. யாருக்குக் குறைந்தது, யார் குறைத்தார்கள் என்று பதினொரு வயதுப் பெண் கேட்பாள். 'வேறு' என்றால் அவளுக்குக் கேட்க ஒன்றுமில்லை. கூடவே 'கடமை' வருகிறது. உரிமை கேட்ட பெண்ணிடம் நம் வீடுகள் எப்போதும் எடுத்து நீட்டும் சொல் அதுதானே?

இதில் முதல் அமைப்பு, ஆர்.எஸ்.எஸ். கொள்கையை ஏற்று வெளிநாடுகளில் இயங்கும் ஹிந்து ஸ்வயம்சேவக் சங்கத்தின் கல்வித் திட்டம். இந்த உறவைத் தெரிந்துகொள்வது அவசியம். ஆனால் உறவு மட்டுமே தீர்ப்பாகிவிடாது. சார்பு எனக்கும் உண்டு, நான் பெண்ணியவாதி. தன் தரப்புக்குச் சங்கடம் தரும் உண்மையை ஓர் அமைப்பு என்ன செய்கிறது என்பதில்தான் அதன் நம்பகம் இருக்கிறது. இவர்கள் அதை மழுப்பினார்கள். லோபாமுத்திரையும் கோஷாவும் ரிக்வேதத்தில் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் இருந்தது மற்ற பெண்களுக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டதா?

வரலாற்றாய்வாளர்கள் எதிர்த்தார்கள், தலித் அமைப்புகள் எதிர்த்தன. பெண்கள், சாதி குறித்த சர்ச்சைக்குரிய திருத்தங்களை மாநிலக் கல்வி வாரியம் 2006 மார்ச்சில் ஏற்க மறுத்தது. வழக்கு நடந்தது. வாரியத்தின் நடைமுறையில் குறை கண்ட நீதிமன்றம், புத்தகங்களை விலக்கச் சொல்லவில்லை. பத்தாண்டு கழித்து, 2016இல், அதே சண்டை திரும்பியது. சாதி என்ற உண்மை பாடத்தில் மழுங்கிவிடக் கூடாது என்று அப்போது போராடியவர்களில் தமிழ் வேர் கொண்ட தேன்மொழி சௌந்தரராஜனும் ஒருவர்.

இதைப் படித்துவிட்டு 'வடக்கின் வேலை' என்று சிரிக்கும் தமிழ்த்துறைத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஔவையாரும் வெள்ளிவீதியாரும் பாடினார்கள், ஆகவே சங்ககாலத்தில் பெண்ணடிமை இல்லை என்று நாம் மேடைதோறும் பேசவில்லையா? நானும் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அதே புறநானூற்றில்தான் கைம்மை நோன்பைவிடச் சிதையே மேல் என்று பெருங்கோப்பெண்டு பாடுகிறாள். முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விழுங்கிய அன்று நானும் 'கூடுதல்' என்ற சொல்லைத்தான் அழித்தேன்.

இனி ஏதேனும் அறக்கட்டளை வகுப்பறைக்கு இலவசப் புத்தகம் கொண்டுவந்தால், அட்டையில் உள்ள விளக்கையும் தாமரையையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பெண்ணைப் பற்றிய பக்கத்தையும் சாதியைப் பற்றிய பக்கத்தையும் முதலில் திறப்போம். அங்கே யாருக்கு எது மறுக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்போம். எழுதியிருக்கவில்லை என்றால், வாங்க மறுக்க நமக்கு அந்த ஒரு காரணம் போதும்.