பென்ஷனை நிறுத்தத் தெரிகிறது, வாரிசைத் தேடத் தெரியவில்லையா?

பென்ஷன் வாங்கும் ஒருவர் இறந்துபோனால் அந்தச் செய்தி வங்கிக் கிளைக்கு வந்துசேர அதிக நாள் ஆவதில்லை. மத்திய அரசு ஓய்வூதியர் நவம்பரில் வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த பென்ஷன் ஏறாது. இறந்த தேதிக்குப் பிறகு ஒரு மாதத் தொகை கணக்கில் விழுந்திருந்தால், அதையும் திரும்ப எடுத்து அரசுக்கு அனுப்பிவிடுவோம். காவிரிப் படுகையில் ஓர் அரசு வங்கிக் கிளையின் டெபாசிட் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலையை நானும் செய்திருக்கிறேன், அதில் தவறேதும் இல்லை. அரசுப் பணம் அரசுக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் அதே ஆளின் பெயரில், அதே கிளையில், அதே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் ஒரு வைப்புத்தொகையும் இருக்கும். அதைப் பற்றி அவர் வீட்டுக்கு ஒரு தபால் அட்டைகூடப் போகாது. பென்ஷனை நிறுத்தும் மேசைக்கும் டெபாசிட் மேசைக்கும் நடுவில் நாலு எட்டு தூரம்தான். இறந்துவிட்டார் என்ற தகவல் அந்த நாலு எட்டைக் கடப்பதில்லை. வங்கி திரும்ப எடுக்க வேண்டிய தொகை என்றால் மரணம் உடனே தெரிகிறது. வங்கி கொடுக்க வேண்டிய தொகை என்றால் பத்து ஆண்டானாலும் தெரிவதில்லை.

இந்த ஓரவஞ்சனை நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள், அந்நாட்டு சமூகப் பாதுகாப்புத் துறையின் இறந்தோர் பட்டியலைக் கையில் வைத்திருந்தன. மாதாமாதம் தொகை வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்ததும் அதை நிறுத்துவதற்கு அந்தப் பட்டியலைப் பார்த்தன. பாலிசி எடுத்தவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தர வேண்டுமே, அதற்கு மட்டும் பார்க்கவில்லை. உரிமை கோரப்படாத சொத்துகளைக் கண்காணிக்கும் மாநில அரசுகளின் தணிக்கையில் இது வெளிப்பட்டது. 2011, 2012 ஆண்டுகளில் ஜான் ஹான்காக், புருடென்ஷியல், மெட்லைஃப் போன்ற பெரிய நிறுவனங்கள் மாநிலங்களோடு உடன்பாடு செய்துகொண்டன. பட்டியலையும் பாலிசிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து உரியவர்களைத் தாங்களே தேடுவதாக ஒப்புக்கொண்டன. பிறகு பல மாநிலங்கள் அதைச் சட்டமாகவே ஆக்கின. தேடும் பொறுப்பு பணத்தை வைத்திருப்பவனுடையது என்று அங்கே தீர்ந்தது. அந்தத் தீர்வுதான் இங்கே நமக்கு இன்னும் வந்துசேரவில்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது? சேமிப்புக் கணக்கில் வாடிக்கையாளர் இரண்டு ஆண்டுகள் எந்த வரவு செலவும் செய்யாவிட்டால் அது செயல்படாத கணக்கு. பத்து ஆண்டுகள் யாரும் கேட்காமல் கிடந்தால் அந்தப் பணத்தை ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு அனுப்பிவிட வேண்டும். 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 26-ஏ பிரிவு இதற்காகவே சேர்க்கப்பட்டது. 2014-இல் நிதி தொடங்கியது. அரசு, தனியார் வங்கிகள் அந்த நிதிக்கு மாற்றியது 2025 ஜூன் இறுதியில் 67,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் 58,000 கோடிக்கு மேல் அரசு வங்கிகளிலிருந்து போனது. எங்கள் ஊர்ப்பக்கத்துக் கிளைகள் மாதிரி ஆயிரக்கணக்கான கிளைகளின் பணம் அது.

போன பணம் போனதுதான் என்று யாரும் நினைக்க வேண்டாம். எத்தனை ஆண்டு கழித்துக் கேட்டாலும் உரிமை உண்டு. வங்கியிடமே கேட்க வேண்டும், வங்கி கொடுத்துவிட்டுப் பிறகு நிதியிலிருந்து வாங்கிக்கொள்ளும். ஆனால் வட்டியைப் பாருங்கள். முதிர்ந்த வைப்புத்தொகையைப் புதுப்பிக்காமல் விட்டால் சேமிப்புக் கணக்கின் வட்டியா, முன்பு ஒப்புக்கொண்ட வட்டியா, எது குறைவோ அதுதான். நிதிக்குப் போய்விட்டால் 2021 மே மாதத்திலிருந்து வெறும் 3 சதவீதம், அதுவும் தனிவட்டி. காலம் போகப் போக நஷ்டம் குடும்பத்துக்கு மட்டும்தான்.

தேட வேண்டும் என்ற விதி இல்லாமல் இல்லை. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி உத்தரவைப் படித்தால் மனது நிறையும். ஓராண்டுக்கு மேல் அசைவில்லாத கணக்குகளை ஆண்டுதோறும் பரிசீலிக்க வேண்டும், கடிதம், மின்னஞ்சல், குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும், கடிதம் திரும்பி வந்தால் ஆள் எங்கே, வாரிசு எங்கே என்று விசாரிக்க வேண்டும். இதற்கு மேல் என்ன எழுத முடியும்? ஆனால் கிளையில் எது உறுதியாக நடக்கும் என்றால், எதற்குத் தேதி இருக்கிறதோ, எதை ஆடிட்டர் கேட்பாரோ அது. பத்தாண்டு முடிந்த தொகையை அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்குள் நிதிக்கு மாற்றியாக வேண்டும். அது பிசகினால் விளக்கம் எழுத வேண்டும். தேடியதற்கு அப்படி ஒரு தேதியும் இல்லை, எத்தனை பேரைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பவரும் இல்லை. அச்சடித்த ஒரு கடிதம் பழைய முகவரிக்குப் போகும். திரும்பி வரும். கோப்பில் செருகுவார்கள். விதி நிறைவேறிவிட்டது.

திரும்பி வந்த அந்த உறைகளைப் பார்த்திருக்கிறேன். பலவற்றில் தபால்காரர் தன் பேனாவால் ‘காலமாகிவிட்டார்’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்திருப்பார். மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமத்தில் தபால்காரருக்கு அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், மகன் திருப்பூரில் இருக்கிறாரா சிங்கப்பூரிலா என்பதுகூடத் தெரியும். இறப்புச் செய்தி எழுத்து வடிவில் கிளைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அந்தக் கணக்கு ‘தொடர்புகொள்ள இயலவில்லை’ என்ற தலைப்பில்தான் இருக்கும்.

குடும்பத்தார் ஏன் வந்து கேட்கவில்லை என்று சிலர் திருப்பிக் கேட்பார்கள். தெரியாததை எப்படிக் கேட்பார்கள்? நம் வீடுகளில் சிறுவாட்டுப் பணம் என்று ஒன்று உண்டு. புருஷனுக்குத் தெரியாமல், மாமியாருக்குத் தெரியாமல், பால் விற்ற காசிலும் மாவரைத்த காசிலும் மிச்சம் பிடித்து மகள் கல்யாணத்துக்கென்று பெண்கள் சேர்ப்பது. என் கவுன்டரில் எத்தனையோ பெண்கள் அந்தப் பணத்தை எஃப்.டி. போட்டிருக்கிறார்கள். ரசீதை வீட்டுக்குக் கொண்டுபோக பயந்து பிறந்த வீட்டில் வைத்தவர்கள் உண்டு. ஆண்களும் இதற்குக் குறைந்தவர்கள் அல்ல. ரிட்டையர் ஆன பணத்தை மூன்று வங்கிகளில் பிரித்துப் போட்டு ஒன்றை மட்டும் வீட்டில் சொன்னவர்கள் இருக்கிறார்கள். ரகசியமாகச் சேர்த்தது அவர்கள் உரிமை. அவர்கள் போனபிறகு அந்த ரகசியம் தெரிந்த ஒரே இடம் வங்கிதான். ‘பெற்றோரின் கணக்கு விவரங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று விளம்பரம் செய்வதால் இந்தப் பணம் வெளியே வராது.

தெரிந்து வருகிறவர்களின் பாடு இன்னொரு விதம். குத்தாலத்துப் பக்கமிருந்து ஓர் அம்மாள், பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து இறந்த கணவரின் பழைய வைப்பு ரசீதோடு என்னிடம் வந்தார். டிரங்குப் பெட்டியில் பத்திரங்களுக்கு அடியில் கிடந்ததாம். ரசீது கொடுத்த வங்கியின் கவுன்டரில், ‘பணம் ரிசர்வ் வங்கிக்குப் போய்விட்டது, அங்கே போய்க் கேளுங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். இது முழுத் தவறு. ரிசர்வ் வங்கி எந்த வாரிசுக்கும் நேரடியாகப் பணம் கொடுப்பதில்லை. அந்த அம்மாள் சென்னைக்குப் போக நகையை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் கிளைக்குக் கூடவே போனேன். ரிசர்வ் வங்கி உத்தரவைக் காட்டி, படிவத்தை வாங்கி நிரப்பினோம். தாலுகா அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. பணம் வந்தது. கூடப் போக ஆளில்லாதவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள்.

2023 ஆகஸ்டில் உத்கம் என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியது. முப்பது வங்கிகள் அதில் இருக்கின்றன, உரிமை கோரப்படாத தொகையில் சுமார் 90 சதவீதம் அவற்றில் அடங்கும். நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் பெயரை ஆங்கிலத்தில் அடித்துத் தேட வேண்டும். நம் பெயர்களை எண்பதுகளில் லெட்ஜரில் எழுதிய எழுத்தர்கள் அவரவர் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். சண்முகசுந்தரத்தை ஒரே சொல்லாக எழுதியவர், இரண்டாகப் பிரித்தவர், இனிஷியலை முன்னால் போட்டவர், பின்னால் போட்டவர், அதை அப்பா பெயராக விரித்தவர் என்று ஒரே ஆளுக்குப் பல வடிவங்கள் உண்டு. பான் எண்ணோ பிறந்த தேதியோ பதிவாகாத பழைய கணக்கைப் பேரன் எந்த எழுத்துக்கூட்டலில் தேடுவான்? ஊராட்சிவாரியாகப் பெயர்களைத் தமிழில் அச்சிட்டு ரேஷன் கடையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டினால், அந்தத் தெருக்காரர்கள் ஒரு வாரத்தில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். தொகையைப் போட வேண்டாம், பெயரும் ஊரும் போதும்.

மோசடிக்காரர்கள் கிளம்புவார்கள் என்ற பயம் நியாயமானது. செயல்படாத கணக்குகளைக் குறிவைத்துத் திருட்டு நடப்பதை வங்கியில் இருந்தவர்கள் அறிவார்கள். அதனால்தான் தேடலை ஊராரிடம் மட்டும் விட்டுவிடாமல் வங்கியே செய்ய வேண்டும் என்கிறேன். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டு, தேசிய அளவில் இறப்புத் தரவுத்தளத்துக்கு வழி செய்யப்பட்டிருக்கிறது. வாக்காளர் பட்டியலுக்கும் ரேஷன் அட்டைக்கும் அதைப் பயன்படுத்தலாம் என்றால் வைப்புத்தொகைக்கு ஏன் கூடாது? மாதம் ஒருமுறை வங்கிகளின் கணினி அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பொருந்திய பெயர்களுக்கு நாமினிக்கும் குடும்பத்துக்கும் முப்பது நாளில் கடிதம் போகட்டும். அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை, இறப்பால் பென்ஷன் நின்ற கணக்குகளின் பட்டியல் ஒவ்வொரு கிளையிலும் இன்றைக்கே இருக்கிறது.

2025 அக்டோபர் முதல் ஓராண்டுக்கு, பழைய கணக்குகளை உயிர்ப்பித்தாலோ பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலோ வங்கிக்கே ஊக்கத்தொகை என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. கணக்கு எத்தனை ஆண்டு கிடந்தது என்பதைப் பொறுத்து ஒரு கணக்குக்கு அதிகபட்சம் 5,000 ரூபாயோ 25,000 ரூபாயோ கிடைக்கும். எனக்கு இதில் மனவருத்தம் உண்டு. அடுத்தவர் பணத்தை உரியவரிடம் சேர்ப்பது கடமை. அதற்கு ஊக்கத்தொகை தருவதைவிட, எந்த வங்கி எத்தனை பேரைக் கண்டுபிடித்தது, எத்தனை பேரைக் கண்டுபிடிக்காமலே நிதிக்கு அனுப்பியது என்று காலாண்டுக்கு ஒருமுறை பத்திரிகையில் வெளியிட்டால் போதும். வேலை தானாக நடக்கும்.

கூட்டுறவு பற்றியும் ஒரு வார்த்தை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தாது. நம் விவசாயிகள் பலர் வைப்பு போடுவதோ அங்கேதான். அங்கே கிடக்கும் பணத்துக்கு உத்கமும் இல்லை, இந்த நிதியும் இல்லை. தமிழக அரசின் கூட்டுறவுத் துறைதான் இதற்கு வழி சொல்ல வேண்டும்.

நாமினி போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினி போடலாம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், உடைமையாளர் அல்ல. 1984-இல் சர்பதி தேவி வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவருகிறது. நாமினியாகத் தன் பெயர் இருப்பதே தெரியாத நாமினி யாரிடம் போய் எதை வாங்குவார்?

இப்போது இந்தப் படிவங்களோடு அலைகிறவர்களுக்கு உடனே உதவக்கூடியது 2025 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு. வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய்வரையான வைப்புக்கு, நாமினி இல்லாவிட்டாலும், வாரிசுகளுக்குள் தகராறு இல்லையென்றால் எளிய நடைமுறையில் தீர்க்க வேண்டும். நீதிமன்றத்துக்கு அனுப்பக் கூடாது. எல்லா ஆவணங்களும் கைக்கு வந்த பதினைந்து நாளில் முடிக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் கூடுதல் வட்டி தர வேண்டும். 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கிகளும் இதை நடைமுறைப்படுத்தக் கெடு விதிக்கப்பட்டது. ஆனால் அந்தப் பதினைந்து நாள் எப்போது தொடங்கியது என்பதற்கு உங்கள் கையில் ஆதாரம் வேண்டும். காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு ‘அடுத்த வாரம் வாங்க’ என்றால் திரும்பிவிடாதீர்கள். என்னென்ன கொடுத்தீர்கள் என்று இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போங்கள். ஒன்றில் கிளை முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வாருங்கள். மறுத்தால் மேலாளரின் மேசைக்குப் போய்க் கேளுங்கள்.